உரையாடலை அளவுகோலாக வைத்துப் பார்த்தால்: ஒரு செவித்திறன் மையம் பற்றிய மதிப்புரை

செவிக்கருவிகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் கருவியின் தோற்றத்தையும் திறன்களையுமே பேசுகின்றன: எத்தனை ஒலித்தடங்கள் உள்ளன, ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு நேரம் தாங்கும், கைப்பேசியோடு இணையுமா, காதின் பின்னால் இருப்பது பிறர் கண்ணுக்குத் தெரியுமா. இவற்றில் எதுவும் தேவையற்ற கேள்வி அன்று. ஆனால் எதிரில் இருப்பவர் சொல்வது புரிகிறதா, புரிந்து உரிய நேரத்தில் பதில் சொல்ல முடிகிறதா என்பதற்கு இவற்றில் விடை கிடைக்காது. இந்த மதிப்புரை ஒரு செவித்திறன் மையத்தின் சேவையைப் பற்றியது. அங்கே நான் புதிய கருவி எதையும் வாங்கவில்லை. வேறொரு கடையில் வாங்கி, பெரும்பாலும் மேசை இழுப்பறையில் கிடந்த இரண்டு கருவிகளைத்தான் கொண்டுபோனேன். ஆகவே நன்மை கருவியால் வந்ததா, கவனிப்பால் வந்ததா என்ற குழப்பத்துக்கு இங்கே இடமில்லை.

விற்ற கடையில் பரிசோதனை நடந்தது உள்ளறை ஒன்றில். கதவுக்கு வெளியே வாடிக்கையாளர்களின் பேச்சும் ஏசியின் இரைச்சலும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள், முடிவைக் கணினியில் ஏற்றினார்கள், தயாரிப்பாளரின் மென்பொருள் தானாகக் கணித்த அமைப்போடு கருவிகளைக் காதில் மாட்டி, "இப்ப நல்லா கேக்குதா சார்?" என்று வினவினார்கள். கேட்டது. அமைதியான அறையில், முகத்துக்கு நேரே, மூன்றடி தொலைவில் நின்று பேசுபவரின் குரல் கேட்காமல் இருக்குமா? வீட்டுக்கு வந்த பிறகோ, மேசையில் தட்டு வைக்கும் ஓசை காதை அறைந்தது. என் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போல ஒலித்தது. பிறர் பேச்சு மட்டும் பழையபடியே மங்கலாக இருந்தது. குறை சொல்லப் போனபோது ஒலியளவைக் கூட்டினார்கள். அடுத்த முறை குறைத்தார்கள். அளவிடுதல் என்று எதுவும் நடக்கவில்லை.

மையத்தில் முதல் அமர்வின் பெரும்பகுதி பேச்சிலேயே கழிந்தது. செவித்திறன் நிபுணர் என் காதைப் பார்ப்பதற்கு முன்பே, எந்தெந்தச் சூழ்நிலைகளில் பேச்சைப் பின்தொடர முடியாமல் தவிக்கிறீர்கள் என்று கேட்டு, ஐந்தை வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தில் 1990களில் உருவான ஒரு மதிப்பீட்டு முறை அது என்று பின்னர் தெரிந்துகொண்டேன்: கேட்பவர் தாமே தேர்ந்த ஐந்து சூழ்நிலைகள் வரை குறித்துக்கொண்டு, இறுதியில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு முன்னேற்றம், இன்னும் எவ்வளவு தடுமாற்றம் என்று மதிப்பிடுவது. என் பட்டியல் இது: பேத்தியின் பேச்சு, தொலைபேசி, பலர் ஒன்றாக அமர்ந்து சாப்பிடும்போது நடக்கும் பேச்சு, கூட்ட அரங்கில் பின்வரிசையிலிருந்து வரும் கேள்வி, அடுத்த அறையிலிருந்து மனைவி அழைப்பது. கடைசியாக எழுதியதைப் படித்தவுடன், "இதைக் கருவி தீர்க்காது, இதற்கு உங்கள் மனைவியும் ஒருமுறை வர வேண்டும்" என்றார். விற்கும் நோக்கமுள்ள ஒருவர் முதல் நாளிலேயே இப்படிச் சொல்லமாட்டார் என்று அப்போதே தோன்றியது.

பரிசோதனை ஒலி புகாத அறையில் நடந்தது. முதலில் காதுக்குள் பார்த்துக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று உறுதிசெய்தார்கள். அடைத்திருந்தால் அதன் பிறகு செய்யும் அளவீடு எதற்கும் பொருள் இல்லை. பஞ்சு சுற்றிய குச்சியால் குடைவது அடைப்பை உள்ளே தள்ளத்தான் பயன்படும். அடுத்து செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனை. பிறகு 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில், அதாவது தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை, காற்றுவழிக் கேட்பு. காதின் பின்னெலும்பில் அதிர்வியை வைத்து எலும்புவழிக் கேட்பு. இரண்டு வழிகளிலும் குறைபாடு ஏறத்தாழ ஒரே அளவில் இருந்ததால், கோளாறு நடுச்செவியில் இல்லை, உட்செவியில் என்று விளங்கியது. இவை எல்லாம் எங்கும் நடக்க வேண்டிய அடிப்படைகளே. பாராட்டுக்கு உரியவை என்று சொல்வதற்கில்லை. பாராட்ட வேண்டியது இதற்கு அடுத்த சோதனையை. பின்னணியில் பலர் பேசும் இரைச்சலை ஓடவிட்டு, அதன் நடுவே வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். இரைச்சலைப் படிப்படியாகக் கூட்டினார்கள். அமைதியில் ஏறத்தாழ எல்லாச் சொற்களையும் சரியாகச் சொன்ன நான் இங்கே பாதி வழியில் தடுமாறினேன். வாழ்க்கையில் உரையாடல்கள் பெரும்பாலும் இரைச்சலின் நடுவேதான் நடக்கின்றன. ஆனாலும் பல இடங்களில் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை.

கேட்பு அளவுகளைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமை விளக்கிய விதத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என் காதுகளில் நன்றாகக் கேட்கும் காதில் 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில், கேட்கத் தொடங்கும் மிகக் குறைந்த ஒலியளவுகள் முறையே 20, 30, 45, 60 டெசிபல். சராசரி 39க்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி நல்ல காதின் சராசரி 20க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 35 முதல் 50க்குள் இருந்தால் மிதமான குறைபாடு. "மிதம்" என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. நிபுணர் சராசரியை விட்டுவிட்டுச் சரிவைக் காட்டினார். வலப்புறம் போகப்போகக் கோடு கீழே இறங்குகிறது. அதாவது தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய முழுமையாகக் கேட்கின்றன, உயர்ந்த அதிர்வெண்கள் காணாமல் போகின்றன. பேச்சின் ஓசை வலிமை பெரும்பகுதி உயிரொலிகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதோ பெரும்பாலும் மெய்யொலிகள். க, ச, த, ப போன்றவை மெலிந்தவை, நொடிப்பொழுதில் கடந்துபோகிறவை, அவற்றின் அடையாளம் பெரிதும் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளது. அதனால்தான் "கட்டு", "தட்டு", "பட்டு" மூன்றும் எனக்கு ஒன்றாகக் கேட்டன. அதனால்தான் "காது கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று நான் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

இதன் காரணத்தையும் சொன்னார். உட்செவியின் சுருள் வடிவ உறுப்பான நத்தைக்கூட்டில், ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 உள்ளன. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண்களுக்கு உரியவை நத்தைக்கூட்டின் வாயிற்பகுதியில் உள்ளன. முதுமையிலும் பேரிரைச்சலிலும் முதலில் பாதிக்கப்படுவன பெரும்பாலும் அவையே. கூடவே இன்னொரு சிக்கலும் வருகிறது: மெல்லிய ஒலி கேட்காமல் போகும்போது, உரத்த ஒலி மட்டும் பழைய அளவிலேயே உறைக்கிறது. இடையில் உள்ள வசதியான எல்லை சுருங்கிவிடுகிறது. "மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை என்கிறீர்கள், சற்று உரக்கப் பேசினால் ஏன் கத்துகிறாய் என்கிறீர்கள்" என்று மனைவி பல முறை மனம் நொந்ததற்கு உடலியல் காரணம் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது. நல்ல கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்காது. மெல்லியதை மிகுதியாகவும் உரத்ததைக் குறைவாகவும் பெருக்கும். எவ்வளவு மிகுதி, எவ்வளவு குறைவு என்பதைத்தான் ஒவ்வொரு காதுக்கும் அளந்து அமைக்க வேண்டியிருக்கிறது.

அந்த அளவீடுதான் இந்தச் சேவையின் உயிர். கருவியை மாட்டிய நிலையில், மெல்லிய சிலிகோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வரை நுழைத்து, அங்கே உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேர்கிறது என்று பார்க்கிறார்கள். சற்றுக் கூச்சமாக இருக்கும், வலிக்காது. காதின் துளை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு வளைவு; ஒரே அமைப்பு ஒருவர் காதில் போதுமானதாகவும் இன்னொருவர் காதில் போதாததாகவும் ஆகிவிடும். எதிரே உள்ள ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பேச்சை 55, 65, 75 டெசிபல்களில் ஒலிக்கவிட்டார்கள். திரையில் ஒரு கோடு, என் கேட்புக்குறைவுக்கு எவ்வளவு பெருக்கம் தேவை என்று கணக்கீட்டு முறை வகுத்த இலக்கு. இன்னொரு கோடு, என் காதுக்குள் உண்மையில் நடப்பது. 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டுக்கும் இடையே 10 டெசிபலுக்கும் கூடுதலான பள்ளம். எனக்குக் குறைவாக இருந்த இடத்தில்தான் கருவியும் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளரின் தானியங்கி அமைப்புகள் உயர்ந்த அதிர்வெண்களில் இப்படிக் கஞ்சத்தனம் காட்டுவது துறையில் உள்ளவர்களுக்குப் பழகிய செய்தியாம். புதிதாக அணிபவர் முதல் நாளே "கீச்சென்று இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்ற வணிக முன்னெச்சரிக்கையும் அதில் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

தாழ்ந்த அதிர்வெண்களிலோ நிலைமை நேர்மாறு. கடையில், காதுத்துளைக்குள் செல்லும் நுனியில் மாட்டும் டோம் என்ற மூடியில், காதை முழுதும் அடைக்கும் மூடிய வகையைப் பொருத்தியிருந்தார்கள். தாழ்ந்த ஒலிகள் எனக்கு இயல்பாகவே கேட்கும் என்பதால் அவற்றை அடைக்கத் தேவையே இல்லை. அடைத்ததனால் என் குரலின் அதிர்வு வெளியேற வழியின்றி உள்ளேயே முழங்கியது. துளைகள் உள்ள திறந்த டோமாக மாற்றியதும் அந்த முழக்கம் அந்த அமர்விலேயே போய்விட்டது. டோம் என்பது கருவியின் பாகங்களிலேயே மிக மலிவான ரப்பர்த் துண்டு. இழுப்பறையில் கருவிகள் கிடந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கண்ணாடி போட்டவுடன் எழுத்துத் தெளிவது போலக் கேட்பு தெளிந்துவிடாது என்று முன்கூட்டியே எச்சரித்தது நல்லதாயிற்று. புதிய அமைப்போடு வெளியே வந்தபோது காகிதம் சரசரப்பதும் செருப்பு உரசுவதும் குழாய் சொட்டுவதும் ஒன்றுக்கொன்று போட்டியிட்டுக்கொண்டு வந்தன. பல ஆண்டுகளாகக் கிடைக்காத ஒலிகளை மூளை மீண்டும் வரிசைப்படுத்தி, வேண்டாததை ஒதுக்கப் பழக வாரங்கள் பிடிக்கும். சிலருக்கு மாதங்கள் ஆகும். விழித்திருக்கும் நேரம் முழுதும் அணிய வேண்டும், விருந்தினர் வரும்போது மட்டும் எடுத்து மாட்டினால் மூளைக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாள்தான் என்று நிபுணர் கண்டிப்பாகச் சொன்னார். எவ்வளவு நேரம் அணிந்தேன் என்பதைக் கருவியே பதிந்துவைக்கிறது. மறுமுறை போகும்போது அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார். அளந்து பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு சிறிது உறுத்தினாலும், "ஆமாம் சார், தினமும் போடுகிறேன்" என்ற பொய்க்கு வழியில்லாமல் போனது நல்லதே.

மனைவியும் வந்த அமர்வைத்தான் மற்றவர்களுக்கு நான் மிகுதியும் பரிந்துரைப்பேன். அதில் கருவியைத் தொடவே இல்லை. பேசுமுன் பெயர் சொல்லி அழைத்து, திரும்பிப் பார்த்த பிறகு பேச வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை உரக்கக் கத்தாமல் வேறு சொற்களில் சொல்ல வேண்டும். கேட்பவர் தரப்புக்கும் கடமை உண்டு: "என்ன?" என்று மொட்டையாகக் கேட்காமல், "எத்தனை மணிக்கு என்று சொன்னாய்?" என்று விட்டுப்போன இடத்தை மட்டும் கேட்க வேண்டும். எல்லாம் எளிய செய்திகள்தாம். ஆனால் வீட்டுக்குள் ஒருவர் மற்றவருக்குச் சொன்னால் குற்றச்சாட்டாக ஒலிப்பவை, மூன்றாமவர் சொன்னதால் இருவருக்கும் பொதுவான விதியாகின. தொலைவைப் பற்றிய கணக்கும் அன்று தெரிந்தது: ஒரு மீட்டரில் ஏறத்தாழ 60 டெசிபலாக இருக்கும் சாதாரணப் பேச்சு, திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. இடையில் சுவரும் வந்துவிட்டால் உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் தேய்கின்றன. அடுத்த அறைப் பேச்சு பட்டியலிலிருந்து நீங்கிய விதம் இதுவே: இப்போது யாராவது ஒருவர் எழுந்து போகிறோம்.

மற்ற நான்கிலும் பலன் ஒரே அளவில் இல்லை. மிகுந்த முன்னேற்றம் பேத்தியின் பேச்சில். குழந்தைகளின் குரல் உயர்ந்தும் மெலிந்தும் இருக்கும், வாக்கியம் முடியும் முன்னே அடுத்தது தொடங்கிவிடும். முன்பெல்லாம் தலையாட்டிச் சிரித்துச் சமாளிப்பேன், அவளும் சில நிமிடங்களில் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவாள். இப்போது அவள் சொல்லும் நீளமான கதைகளின் நடுவே கேள்வி கேட்க முடிகிறது. கேள்வி கேட்டால் கதை மேலும் நீள்கிறது. தொலைபேசியில் அழைப்பு நேரடியாக இரண்டு கருவிகளுக்கும் வருமாறு இணைத்துக் கொடுத்தார்கள். ஒரு காதில் வைத்துக் கேட்பதைவிட இரு காதிலும் கேட்பது எவ்வளவு இளைப்பாறுதல் என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். பலர் சேர்ந்து சாப்பிடும் இடத்தில் முன்னேற்றம் நடுத்தரம்: சுவருக்கு முதுகு காட்டி அமர்ந்தால், முன்னோக்கிக் கேட்கும் மைக்ரோஃபோன்கள் எதிரில் இருப்பவரைப் பிடித்துக்கொடுக்கின்றன, பக்கத்து மேசையில் சிரிப்பு எழுந்தால் பிடி நழுவுகிறது. அரங்கில் பின்வரிசைக் கேள்வி இன்னும் சரியாகவில்லை. பேசுபவர் கையில் கொடுக்கும் தொலை மைக்ரோஃபோன் அல்லது ஒலியைக் காந்தப்புலமாகக் கருவிக்கு அனுப்ப அரங்கிலேயே பதித்த கம்பியான தூண்டல் வளையம், இவை இருந்தால்தான் அது தீரும் என்று மறைக்காமல் சொன்னார்கள். என் கருவியில் தூண்டல் வளையத்தின் ஒலியைப் பிடிக்கும் டெலிகாயில் என்ற சிறு சுருள் இருந்திருக்கிறது. விற்ற கடையில் அதை இயக்கி வைக்கவும் இல்லை, இருப்பதாகச் சொல்லவும் இல்லை.

சேவையில் குறைகள் உண்டு. முன்பதிவுக்குக் காத்திருக்கும் காலம் நீளம். ஒரு சிறு திருத்தத்துக்கும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். தொலைவிலிருந்தபடியே அமைப்பைத் திருத்தித் தரும் வசதி கருவியில் இருந்தும் மையம் அதைத் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறது. காத்திருப்பு அறையில் பெயரை வாயால் அழைக்கிறார்கள், அதுவும் கதவை முழுதாகத் திறக்காமல். காது கேளாதவர்கள் வரும் இடத்தில் ஒரு திரையை மாட்டிப் பெயரைக் காட்டக் கூடாதா? குறும்பி புகாமல் தடுக்கும் வடிகட்டியை மாற்றுவது எப்படி என்று காட்டினார்கள். ஆனால் எழுத்தில் ஒரு தாளும் கொடுக்கவில்லை, வீட்டுக்கு வந்து பாதியை மறந்துவிட்டேன். கட்டணம் அமர்வுக்கு இவ்வளவு என்று தனியே வாங்குகிறார்கள். கருவியின் விலையிலேயே எல்லாச் சேவையையும் அடக்கி விற்கும் இடங்களுக்குப் பழகியவர்களுக்கு இது கூடுதல் செலவாகத் தோன்றும்; எனக்கோ இந்த முறையே நேர்மையாகப் படுகிறது. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிகிறது. புதுக் கருவியை விற்றால்தான் பிழைப்பு என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

நினைவாற்றலைச் சொல்லிப் பயமுறுத்தாததையும் குறிப்பிட வேண்டும். கேட்புக்குறைவுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவின் அறிக்கைகள் அதை மாற்றக்கூடிய இடர்க்காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. ஆனால் கருவி அணிந்தால் மறதிநோய் வராது என்று விளம்பரங்கள் உறுதி சொல்வது வேறு. 2023இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை 3 ஆண்டுகள் கவனித்ததில், கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மொத்தக் குழுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஏற்கெனவே இடர் மிகுந்த ஒரு பிரிவினரில் மட்டும் அறிவாற்றல் சரிவு குறைந்தது. நான் கேட்டபோது நிபுணர் இதை இந்த அளவிலேயே சொல்லி நிறுத்திக்கொண்டார். பேச்சில் மீண்டும் கலந்துகொள்வதே போதுமான காரணம், அதற்கு மேல் அச்சுறுத்தல் எதற்கு என்பது என் கருத்தும்.

எல்லாரும் நேராக இத்தகைய மையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. திடீரென்று ஒரு காதில் கேட்பு விழுந்தால் அது அவசரநிலை. உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும், தாமதித்தால் மருந்து பலனளிக்கும் வாய்ப்புக் குறைகிறது. சீழ் வடிதல், தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் ஓயாத இரைச்சல் இருந்தாலும் முதலில் மருத்துவர்தான். அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், குறைபாடு லேசாகவோ மிதமாகவோ இருப்பதாக உணரும் பெரியவர்கள் பரிசோதனையும் சீட்டும் இல்லாமல் தாமே வாங்கி அமைத்துக்கொள்ளும் கருவிகளை அனுமதித்திருக்கிறார்கள். கைப்பேசியை நன்கு கையாள்பவருக்கு அது தொடக்கமாக அமையலாம். குறைபாடு மிக ஆழமாக இருந்து கருவியாலும் பேச்சு புரியாதவர்களுக்கு, அறுவை செய்து உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் பற்றி ஆராயும் மருத்துவமனைக் குழுவே பொருத்தமானது.

என்னைப் போலக் கருவியை வாங்கி மூலையில் போட்டவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்னொரு கருவிக்குப் பணம் தேடுவதற்கு முன், இருப்பதைக் காதுக்குள் அளந்து திருத்தித் தரும் இடம் உண்டா என்று விசாரியுங்கள். தொலைபேசியிலேயே, குழாய் நுழைத்து அளக்கும் வசதி இருக்கிறதா, இரைச்சலில் பேச்சுச் சோதனை செய்வீர்களா என்று கேட்கலாம். சில விற்பனைச் சங்கிலிகள் தங்கள் கருவிகளை வேறெங்கும் திருத்த முடியாதபடி மென்பொருளில் பூட்டிவிடுகின்றன; என்னுடையவை பூட்டப்படாதவை என்பது தற்செயல். என் கருவிகளுக்கு வயதாகி மாற்ற வேண்டிய காலம் வரும்போது இந்த மையத்திலேயே வாங்குவேன், கருவியின் விலையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியே எழுதிக் கொடுத்தால்.